மர இழைப்புளிக்கு ஓர் இரங்கல்

தச்சர் தனக்கென்று தன் கையாலேயே செய்துகொண்ட மர இழைப்புளி நம் ஊர்ப் பட்டறைகளை விட்டுப் போய்விட்டது. கடைசி இழைப்புளியை எந்த ஊரில், எந்த ஆசாரி செய்து முடித்தார் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. நாம் தலைவைத்துப் படுத்த கட்டில், ஆடிய ஊஞ்சல் பலகை, நெல் கொட்டிய பத்தாயம், வாசல் நிலை, தொட்டில் சட்டம் என்று கைபடும் மரம் அத்தனையையும் சிராய் குத்தாமல் ஆக்கிக் கொடுத்தது அந்தக் கட்டைதான். அதற்கு நாலு வரி எழுதாமல் விடுவது நன்றி கெட்ட காரியம்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் கெட்டியான மரக்கட்டை. நடுவில் மேலிருந்து கீழே சாய்வாக இறங்கும் ஒரு பொந்து. அதற்குள் கூர் தீட்டிய இரும்புத் தகடு. தகட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு மர ஆப்பு. அவ்வளவுதான். திருகாணி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. இரும்பின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கூர் மயிரிழை அளவு வெளியே இறங்கும். கட்டையின் பின்புறத்தில் தட்டினால் உள்ளே ஏறும். தட்டிவிட்டு, கட்டையைத் தலைகீழாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, அடிப்பக்கத்தில் கறுப்பாய் ஒரு கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கோட்டின் கனம்தான் சுருளின் கனம்.

எங்கள் ஊரில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கால்வாயை ஒட்டிய தெருவில், வீட்டுத் திண்ணையையே பட்டறையாக வைத்திருந்த ஓர் ஆசாரி இருந்தார். தொழில் பழக வந்த அக்காள் மகனுக்கு அவர் முதலில் செய்யச் சொன்னது கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல். அது தேறியபின் இழைப்புளி. கடைக்குப் போய் இரும்பு இழைப்புளி ஒன்று வாங்கிவரலாமே என்று பையன் கேட்டதற்கு, "வாங்குனதுல ஒடஞ்சா நீ கடைக்கு ஓடணும் மருமவனே, செஞ்சதுல ஒடஞ்சா நீயே பாத்துக்கிடலாம்லா" என்றார். அந்த இழைப்புளி உருவானதைத் திண்ணையோரம் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவன் நான்.

கட்டை வைரம் பாய்ந்த கருவேலம். அடுக்களைப் பரணில் வருடக்கணக்காகப் புகை குடித்துக் கிடந்தது. ஈரம் முழுக்க வற்றாத மரத்தில் செய்தால் அடுத்த கோடையில் முறுக்கிக்கொள்ளும். அடிப்பக்கம் கோணினால் அது இழைக்கிற பலகையும் கோணும். முதல் வேலை நார் ஓட்டம் பார்ப்பது. தள்ளும்போது அடிப்பக்கத்து நார் முன்னிருந்து பின்னோக்கிப் படிய வேண்டும். எதிராக இருந்தால் கட்டையே பிசிறடிக்கும். பிறகு பையனைக் கூப்பிட்டு, "கைய விரிச்சு வையி பாப்போம்" என்று கட்டையின் மேல் அவன் கையை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கீறினார். பிடியின் அகலம், கட்டைவிரல் பதியும் பள்ளம், உள்ளங்கை அழுந்தும் வளைவு எல்லாம் அந்தக் கீறலிலிருந்து வந்தவை. அவன் இடதுகைப் பழக்கக்காரன். பிடியும் அதற்கேற்பவே சரிந்தது. எந்தக் கடையிலும் அப்படி ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்காது.

இரும்பு உட்காரும் சாய்வைக் குறிக்க அவரிடம் கோணமானி கிடையாது. கட்டையின் பக்கவாட்டில், உயரத்துக்குச் சமமான அகலத்தில் மூலைமட்டம் வைத்து ஒரு சதுரம் போட்டார். மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். 45 பாகை தயார். தேக்கு, மா போன்ற மரங்களுக்கு இது போதும். வேம்பு மாதிரி நார் பின்னிக்கொண்டு வளரும் மரத்துக்கென்று அவர் வைத்திருந்த இன்னொரு இழைப்புளியில் சதுரத்தை அரை விரல் குறுக்கிக் கோடு போட்டிருந்தார். இரும்பு கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். 50 பாகைக்குப் பக்கம் வரும். தள்ள வலு கூடுதலாக வேண்டும், ஆனால் மரம் பிய்யாது.

பிறகு வில்துரப்பணம். அதுவும் அவர் செய்ததுதான். மூங்கில் வில், முறுக்கிய கயிறு, உருட்டிய கட்டை, தலைமாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் தேங்காய்ச் சிரட்டை. முனையில் பழைய குடைக்கம்பியைத் தட்டித் தட்டையாக்கித் தீட்டிய ஊசி. வரிசையாகத் துளை போட்டு, இடையில் நின்ற மரத்தை உளியால் எடுத்து, பொந்தை மேலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். அதுவரை யாரும் செய்துவிடலாம். இரும்பு சாயும் பரப்பைச் சமமாக்குவதில்தான் இருக்கிறது முழு வித்தையும். இரும்பின் முதுகில் சிம்னி விளக்கின் கரியைத் தடவி உள்ளே வைத்து அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த இடத்தை மட்டும் உளியின் நுனியால் தூசு தூசாகச் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். பரப்பு முழுக்கச் சீராகக் கறுக்கும்வரை பையனை அவர் எழுந்திருக்க விடவில்லை. அந்தப் பரப்பில் சிறு பள்ளம் இருந்தாலும் இரும்பு அதிரும். அதிர்ந்தால் பலகையில் வரிவரியாக விழும், எத்தனை உப்புத்தாள் போட்டாலும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

இரும்பைத் தெற்குத் தெருக் கொல்லர் செய்துகொடுத்தார். தேய்ந்துபோன அரம்தான் மூலப்பொருள். அரத்து எஃகில் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் கரி உண்டு, கூர் நிற்க அது வேண்டும். அரத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டார். அது இளகியபின் பல்வரிகளை மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்தார். ஒரு வரி தங்கினாலும் தோய்ச்சலின்போது அந்த வரியிலிருந்தே விரிசல் ஓடும். வடிவம் வந்தபின் மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். அந்த நிலையில் அது கண்ணாடி போல உடையும். அதனால் முகத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, முதுகுப்பக்கமிருந்து மெல்லச் சூடு காட்டினார். பளபளப்பின் மேல் வைக்கோல் மஞ்சள் ஏறிவந்து கூரைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் போட்டார். சுமார் 230 பாகை செல்சியஸில் எஃகின் மேல் வரும் நிறம் அது. நீலம் வரும்வரை விட்டிருந்தால் ஸ்பிரிங்குக்கு ஆகியிருக்குமே தவிர, மரம் சீவ ஆகியிருக்காது.

அடிப்பக்கத்து வாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நல்ல இழைப்புளி. மடித்த தபால் அட்டை நுழைகிற இடைவெளிதான் விட்டிருந்தார். காரணம் இருக்கிறது. கூர் மரத்துக்குள் இறங்கும்போது நார் பிளந்துகொண்டு முன்னால் ஓடப் பார்க்கும். கூருக்கு ஒட்டி முன்னால் இருக்கும் மரவிளிம்பு அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வதால், பிளவு ஓட முடியாமல் சுருள் மடங்கி மேலே வருகிறது. வருடங்கள் போகப் போக அடிப்பக்கம் தேய்ந்து வாய் அகலும். அப்போது வாய்க்கு முன்னால் ஒரு சதுரம் தோண்டிப் புளியமரத்து வைரத்தில் ஒட்டுப்போடுவார்கள். ஒரே கட்டையில் இரண்டு மூன்று ஒட்டு போட்டு, அப்பா கையிலிருந்து மகன் கைக்கு வந்த இழைப்புளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதை ஒரு தனிக் கருவி என்று சொல்லிவிட முடியாது. அந்தத் திண்ணையில் இதற்கு ஒரு குடும்பமே இருந்தது. காடி எடுக்க ஒல்லியாய் ஒன்று, வளைந்த சன்னல் தலைக்கு அடி வளைந்த ஒன்று, சட்டத்தின் ஓரத்தில் பூவிளிம்பு வார்க்க ஒன்று. கோடு கிழிக்க, சைக்கிள் ஸ்போக்கின் முனையைக் கூராக்கிச் செருகிய கட்டை. படச்சட்டத்தின் மூலை வெட்ட, மூன்று பலகை அடித்து 45 பாகையில் இரண்டு பக்கமும் வெட்டுப்போட்ட பெட்டி. ஒரு வீட்டின் நிலை, கதவு, சன்னல் அளவு எல்லாவற்றையும் கீறி வைத்துக்கொள்ள ஒரே ஒரு நீளக் குச்சி. டேப்பைப் பார்த்துப் படித்துத் தப்பாக எழுதும் வாய்ப்பே அதில் கிடையாது. உடைந்த ஆக்ஸா பிளேடைச் சாணையில் பிடித்துச் சைக்கிள் டியூப் சுற்றிய கத்தி. வேலையில் ஒரு சிக்கல் வந்தால் ஆசாரி முதலில் அதற்கொரு கருவியைச் செய்வார், பிறகே வேலையைத் தொடுவார்.

உடம்பையும் சொல்ல வேண்டும். அவர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அணைத்துக்கொண்டு இழைத்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்பு இழைப்புளி, இடுப்புயர மேசைமுன் நின்று தள்ளுகிறவனை நினைத்து வடித்தது. அதை வாங்கியவர்களும் பிடியைக் கழற்றித் தங்களுக்கேற்ப வேறு பிடி போட்டுக்கொண்டார்கள். கருவியைத் திருத்தும் தைரியம் அவர்களுக்கு இருந்தது, தாங்களே முன்பு ஒன்றைச் செய்திருந்ததால்.

இழைப்புளியின் சாவுக்கு ஒரே காரணம் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்தத் தடை போட்டது. நீலகிரியின் கூடலூர்க் காடு சம்பந்தமாகத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்துவதாக மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடுகளுக்கு அந்தத் தீர்ப்பு அவசியமாக இருந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திண்ணைப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த முழுமரம் குறைந்தது. அந்த இடத்தைப் பிளைவுட், அதன்மேல் ஒட்டும் சன்மைகா, இரும்பு நிலை, யு.பி.வி.சி. சன்னல் எல்லாம் பிடித்துக்கொண்டன. பிளைவுட்டின் முகத்தில் இழைக்க என்ன இருக்கிறது? மேல்தாள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு தள்ளில் அடித்தாள் தெரிந்துவிடும். பொதுப்பணித் துறை தன் தடையை 2020இல் விலக்கிக்கொண்டது. அதற்குள் ஒரு தலைமுறை இழைக்கவே பழகாமல் வளர்ந்துவிட்டது.

மிச்சமிருந்த மரவேலைக்கு மின்சாரப் பிளேனர் வந்தது. 82 மில்லிமீட்டர் அகலம், நிமிடத்துக்குச் சுமார் 16,000 சுற்று. இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம், இரண்டும் மழுங்கினால் குப்பைத்தொட்டி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோள்பட்டை இறங்கிப்போய், ஐம்பது வயதில் கையைத் தூக்க முடியாமல் இருந்த தச்சர்களைப் பார்த்த யாரும் அந்த மெஷினைத் திட்ட மாட்டார்கள். ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்து, வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போக அது உதவுகிறது.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இன்றைய கருவிகள் பட்டறைக்காரர் கைவைக்க இடமே விடுவதில்லை. புது ரம்பங்களின் பல்நுனி மின்தூண்டலில் கடினமாக்கப்பட்டது. அரம் அதன்மேல் வழுக்கும். தீட்டி ஓட்டிய ரம்பம் போய், வாங்கி எறியும் ரம்பம் வந்துவிட்டது. பைமெட்டல் ஆக்ஸா பிளேடில் பல் இருக்கும் ஓரம் மட்டுமே ஹைஸ்பீடு ஸ்டீல், முதுகு வெறும் வளையும் எஃகு. அதைத் தேய்த்துக் கத்தியாக்க முயன்றால் முதலில் போவது நல்ல இரும்புதான். கடையில் இல்லாத கருவிக்கான வேலையை இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சன்னல் தலையை வளைவாகக் கேட்டால், நேராக வைத்துக்கொள்ளுங்கள் சார் என்கிறார்கள். திறமைக்குறைவு என்று இதைச் சொல்வது அநியாயம். அந்த வளைவுக்கு ஓர் இழைப்புளி செய்துகொள்ளலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

எங்கள் தெரு ஆசாரி காலமானபின் அவருடைய இழைப்புளிகளில் சில எடைக்குப் போயின. இரும்பை உருவி எடுத்துக்கொண்டு, கட்டையை அடுப்புக்கு வைத்துவிட்டுப் போனார் பழைய சாமான்காரர். ஒன்றிரண்டு, நகரத்து உணவு விடுதிகளின் சுவரில் அலங்காரத்துக்குத் தொங்கும் வகையறாவோடு சேர்ந்தன. மருமகன் தன்னுடையதை மட்டும் கொடுக்கவில்லை. அவர் இப்போது மாடுலர் கிச்சன் வேலை செய்கிறார். கதவு மழையில் உப்பி நிலையில் உரசினால், பையிலிருந்து அதைத்தான் எடுக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டை கிடந்தால், வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைக்காதீர்கள். ஆப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒன்று சீவிக்கொள்ளலாம். இரும்பைத் தீட்டக் கொடுங்கள். எண்ணெய்த் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து, ஒரு தேக்குத் துண்டின் மேல் தள்ளிப்பாருங்கள், பிள்ளைகளையும் தள்ளவிடுங்கள். ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவில் பாடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் ஒவ்வொருவரும் தன் கைக்கு அளந்து ஓர் இழைப்புளி செய்துவிட்டு வெளியே போகட்டும். கரி தடவிச் சுரண்டக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த பெரியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. இந்த வருடமே கூப்பிடுங்கள்.