வீட்டு வலையும் ஊர் வலையும்

விஞ்ஞான சாதனம் ஒன்று கடைத்தட்டில் விற்பனைப் பண்டமாக வந்தமரும்போது, அதனை உருவாக்கிய உழைப்பு பெரும்பாலும் மக்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. இன்று வீடுகளில் இரண்டு மூன்று சிறு பெட்டிகளை வைத்து, மூலை முடுக்கெங்கும் இணையம் எட்டுமாறு செய்கின்றனர். 'மெஷ் வைஃபை' என விற்கப்படும் இப்பெட்டிகள், தனியொரு குடும்பத்தின் வசதிக்கென்றே பிறந்தவை போலத் தோன்றுகின்றன. வரலாறோ வேறுவிதமாகச் சான்று பகர்கிறது. வீட்டு வலைக்கு முன்னரே ஊர் வலை இருந்தது. அதன் கதையையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் இம்முறையின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். சாதாரண வைஃபையில் ரவுட்டர் ஒன்று நடுவே அமர்ந்திருக்க, ஏனைய கருவிகள் யாவும் அதனோடு மட்டுமே தொடர்பு கொள்ளும். மெஷ் முறையில் ஒவ்வொரு பெட்டியும் மீன்வலையின் முடிச்சுப் போன்றது. ஒன்று பெற்ற செய்தியை அடுத்தது வாங்கி அப்பாற் கடத்தும். ஒரு முடிச்சு அறுந்தால் செய்தி வேறு வழி தேடிக்கொள்ளும். எனினும் ஒரே வானலையில் வாங்கவும் கடத்தவும் நேர்ந்தால், ஒவ்வொரு தாண்டலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே இரண்டாவது பெட்டியை அலை முற்றாக மங்கிய அறையில் வைத்தலாற் பயனில்லை. முதற் பெட்டியின் அலை நன்கு எட்டும் இடைவழியில் வைத்தல் வேண்டும். பெட்டிகளைக் கம்பியால் இணைக்க முடியுமாயின் அதுவே சாலச் சிறந்தது.

இக்கருத்தின் முதற் புரவலர் போர்த்துறையினரே. அணுகுண்டுத் தாக்குதலின் பின்னரும் அறுந்துபோகாத செய்திவலை ஒன்றை அமெரிக்க விமானப்படைக்கென ஆராய்ந்த ரான்ட் நிறுவனத்தின் போல் பாரன், நடுவமற்ற கண்ணிவலையே தக்கதென 1964இல் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளிடையே கணினிச் செய்திகளை வானொலியாற் கடத்தியது. 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. மின்னலை அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹேட்ஸ் வரிசையும் இவற்றுள் ஒன்று. பயனற்றதெனக் கருதப்பட்ட இந்த வானப் புறம்போக்கிலேதான், 1997இல் வகுக்கப்பட்ட வைஃபை நியமம் வேர்விட்டது.

இனி, போர்த்துறையின் கருத்து பொதுமக்கள் கைக்கு வந்த கதையைக் காண்போம். ஜேர்மனி 1990இல் ஒன்றிணைந்தபின், கிழக்குப் பேர்லினின் பல பகுதிகளில் தொலைபேசிக்கென ஒளியிழை பதிக்கப்பட்டது. பின்னர் வந்த டீ.எஸ்.எல். இணைய முறையோ செப்புக்கம்பியிலேயே இயங்கவல்லது. புதுமையின் பெயரால் பதித்த இழையே மக்களுக்குத் தடையாயிற்று. இந்நிலையிலேதான், 2002-2003 காலப்பகுதியில் 'ஃபிரைஃபுங்க்' என்ற மக்கள் இயக்கம் உருவாயிற்று. கட்டற்ற வானொலி என்பது அப்பெயரின் பொருள். சாளரங்களிலும் கூரைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் அன்ரனாக்கள் ஏறின. லிங்சிஸ் நிறுவனத்தின் மலிவான ரவுட்டர் ஒன்று லினக்ஸில் இயங்கியமையால், அந்த மென்பொருளின் உரிம விதிப்படி அதன் மூலநிரலை 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதனைத் திருத்தி, ரவுட்டரை ஊர் வலையின் கணுவாக்கினர் இவ்வியக்கத்தினர்.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் வகுத்த வழிகாண்முறை நூற்றுக்கணக்கான கணுக்களின் சுமையைத் தாங்காது திணறியபோது, 'பாட்மன்' என்னும் புதுமுறையை இவர்களே ஆக்கினர். வலையின் முழுப் படத்தையும் எக்கணுவும் அறியவேண்டுவதில்லை. செய்தி செல்லுமிடத்திற்கு எந்த அயற்கணு சிறந்த வழி என்பதை அறிந்தாற் போதும் என்பதே அதன் அடிப்படை. 2011இல் அது லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றது.

அயலவனோடு பகிர்வது சட்டத்தின் முன் ஐயத்திற்குரியதாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. காவலின்றித் திறந்துவிடப்பட்ட வைஃபை வழியே பிறர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு அதன் உரிமையாளனும் பொறுப்பாவான் என 2010இல் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே இந்தச் சுமையைப் பெரிதும் அகற்றியது.

ஸ்பெயினின் கற்றலோனியப் பகுதியில், ஒசோனா மாவட்டத்து நாட்டுப்புற மக்கள் 2004இல் தொடங்கிய 'குய்ஃபி' வலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கணுக்களாய் விரிந்தது. ஆர்வம் மட்டுமே அதனை வளர்க்கவில்லை. வலை பொதுவுடைமை என வரையறுத்த உரிமமும், 2008இல் நிறுவிய அறநிலையமும் அதற்கு அரணாயின. இத்தகைய அமைப்பின்றி எழுந்த வலைகள் பல, கோபுரமேறிப் பழுதுபார்க்க ஆளின்றி மங்கின.

2016 தொடக்கம் பெருநிறுவனங்கள் இம்முறையை வீட்டுப் பெட்டிகளாக விற்கலாயின. அத்தகைய நிறுவனங்களுள் ஒன்றான ஈரோவை 2019இல் அமேசன் வாங்கிக்கொண்டது. இப்பெட்டிகள் பலவும் தம் இனத்தோடன்றிப் பிறவற்றோடு பேசுவதில்லை. இரு வீட்டாருக்கும் சுவர் பொதுவாயிருப்பினும், அயல்வீட்டுப் பெட்டி அந்நியமே. இந்தத் தடையைத் தொழினுட்பம் விதிக்கவில்லை, உடைமையே விதித்தது. அறிவுக்கு வேலியிடும் போக்கின் இன்னொரு வடிவம் இது.

ஆயினும் அவ்வூர் வலைகளின் மென்பொருள் இன்றும் திறந்தே கிடக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் 'ஓப்பன்டபிள்யுஆர்டி'யைப் பொருத்தமான பழைய ரவுட்டர்களில் ஏற்றி, பாடசாலையின் நான்கு வகுப்பறைகளை இணைக்க மாணவரால் முடியும். அவ்வாறு இணைப்போர், அயலவன் செய்தியைத் தடையின்றிக் கடத்துதல் என்னும் ஊர் வலையின் முதல் விதியையும் உடன் கற்றுக்கொள்வர்.