கனியமும் கலாநிதிப் பட்டமும்

கலாநிதிப் பட்டத்தின் படிநிலைகளை இன்று நாம் எளிதில் எடுத்துரைக்கிறோம். பதிவு, குறைந்தது மூன்றாண்டு மூல ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. திரவியங்களின் அமைப்பையும் இயல்பையும் ஆராயும் துறைக்கும் இவையே. எந்த மண்ணின் பொருளை எங்கே, யார் மதிப்பிட்டனர் என்னும் வினா இப்படிநிலைகளுள் அடங்குவதில்லை.

1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிய அளவையின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றினார். சப்பிரகமுவையிற் கிடைத்த கரிய, பாரமிக்க கனியமொன்றை அவர் யுரேனினைற்று என முதலிற் கருதினார். இலண்டன் இம்பீரியல் நிறுவகத்தைச் சேர்ந்த டன்ஸ்ரன் 1904 இல் அதனைப் பகுத்தாய்ந்து, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார். தோரியம் அக்கால வாயு விளக்குகளின் ஒளிரும் வலைக்கு வேண்டப்பட்டது. ஆதலின் அவ்வார்வம் தூய அறிவியலின்பாற்பட்டது மட்டுமன்று என்பதே எமது துணிபு. இலங்கைக் கனியங்கள் பற்றிய ஆய்வுக்காகக் குமாரசுவாமிக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியதும் இலண்டன் பல்கலைக்கழகமே; ஆண்டு 1906. (பின்னர் அவர் கல்லை விட்டுக் கலைக்குச் சென்றது வேறு கதை.)

1921 இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தபோதும் மாணவர் இலண்டன் தேர்வுகளுக்கே தோற்றினர். பட்டமளிக்கும் உரிமை 1942 இல், இலங்கைப் பல்கலைக்கழகத்துடனேயே வந்தது. இடைப்பட்ட 36 ஆண்டுகளும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்ந்த மாணவனொருவன் இரத்தினபுரிக் கல்லை ஆராய்ந்து கலாநிதியாக விரும்பின், கடல்கடந்த பல்கலைக்கழகமொன்றையே நாடவேண்டியிருந்தது.