பீர் லேபிள் (தமிழ்நாடு)

பீர் லேபிள் என்பது பீர் பாட்டிலில் ஒட்டப்பட்டு, பிராண்டையும் ஆல்கஹால் அளவையும் காட்டி, வாங்குபவரின் தேர்வைத் தூண்டும் அச்சுத்தாள். பிரிட்டனின் வணிகச் சின்னப் பதிவேட்டில் 1876இல் முதல் எண் பெற்றது பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோண பீர் லேபிளே.

இந்தியாவில் மது விளம்பரத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், லேபிளே பிராண்டின் முதன்மை விளம்பரமாகிறது. கிங்ஃபிஷரின் மீன்கொத்திப் படம் பெயரைப் படிக்காமலே அடையாளம் காணத்தக்கது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது ஸ்ட்ராங் பீர். லேபிளில் எச்சரிக்கை வாசகமும் கட்டாயம்.

தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. சென்னையை ஒட்டிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் வழக்கமான டாஸ்மாக் கடைகளில் வாங்குபவருக்கும் பாட்டிலுக்கும் நடுவே கம்பி வலை நிற்கும். பாட்டிலைக் கையிலெடுத்து ஒப்பிட வழியில்லை, “கூலிங் இருக்கா?” என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. எனவே இங்கே லேபிளின் நுண்ணெழுத்தைவிடத் தொலைவில் தெரியும் நிறத்துக்கும், வாயால் சொல்ல எளிய பெயருக்கும் மதிப்பு அதிகம். பாட்டிலை எடுத்துப் பார்க்கக்கூடிய டாஸ்மாக்கின் எலைட் கடைகளில்தான் வடிவமைப்பு முழுமையாக வேலை செய்கிறது. குளிர்பெட்டியிலிருந்து வரும் பாட்டிலில் நீர் கோத்துத் தாள் கசங்குவதால், ஈரம் தாங்கும் தாளும் பசையும் தேவை.