பச்சையப்ப முதலியார் உயில்

சென்னையில் துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த பச்சையப்ப முதலியார் (1754–1794) தமது சொத்தை அறப்பணிகளுக்கென ஒதுக்கி 1794 மார்ச் 22 அன்று எழுதிய உயில். ஒன்பது நாள் கழித்து அவர் திருவையாற்றில் காலமானார். தென்னிந்தியாவில் தனியார் உயிலிலிருந்து முளைத்த அறக்கட்டளைகளுள் இதுவே பெரிதும் பேசப்படுவது.

பச்சையப்பர் பிறக்குமுன்பே தந்தை இறந்துவிட்டார். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆதரவு தந்த பவுனி நாராயண பிள்ளைதான் அவரைத் துபாஷித் தொழிலில் இறக்கிவிட்டவர். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகளுக்கும் தஞ்சை அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் பச்சையப்பர் பெரும்பொருள் ஈட்டினார். இறுதிக் காலத்தில் உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் நாராயண பிள்ளையிடமே விட்டார்.

தர்மசாஸ்திரங்களில் உயில் என்ற ஏற்பாடே இல்லை. தானம் உண்டு, அதுவும் உயிரோடிருக்கும்போது கொடுப்பது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் வந்தபின்தான் இந்துக்களிடையே உயில் பரவியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை உயில் எழுத 1956 வரை பொதுவாக வழியில்லை. பச்சையப்பருடையதோ சுயார்ஜிதம், தாமே ஈட்டிய சொத்து.

கோயில் கட்டளைகளே உயிலின் முதன்மை நோக்கம். காசி முதல் தெற்கே பல தலங்கள் வரை பூசை, அன்னதானம் ஆகியவற்றுக்கென ஒதுக்கிய தொகை ஒரு லட்சம் வராகன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். ஆனால் பணம் உரிய இடம் போய்ச் சேரவில்லை. சொத்து கைமாறிக்கொண்டே இருந்தது, வாரிசு வழக்குகள் இழுத்தன, தர்மங்கள் முடங்கின. சுமார் நாற்பது ஆண்டு இப்படியே போனது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அரசு வழக்குரைஞர்கள் தலையிட்டபின் விவகாரம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கட்டளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கி, மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடும்படி தீர்ப்பாயிற்று. இந்தத் திட்டம் உருப்பெற உழைத்தவர்களுள் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முக்கியமானவர். ஆகவே பச்சையப்பர் கல்லூரியைப் பச்சையப்பரே நிறுவினார் என்று வழக்கமாகச் சொல்வது பாதி உண்மைதான். பணம் அவருடையது, ஆங்கிலப் பள்ளி என்ற எண்ணம் நீதிமன்றத்தைச் சுற்றியிருந்தவர்களுடையது.

1842-இல் பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. 1846-இல் எஸ்பிளனேடில் புதுக் கட்டடத்துக்கு நார்ட்டன் அடிக்கல் நாட்டினார். 1850-இல் ஆளுநர் பொட்டிஞ்சர் திறந்துவைத்தார். ஏதென்ஸ் நகரின் தீசியஸ் கோயிலை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்ட, வரிசைத் தூண்கள் தாங்கும் அந்த முகப்பு இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கிறது. சிவ, விஷ்ணு கோயில்களுக்கு எழுதிய உயிலின் பணத்தில் கிரேக்கக் கோயிலின் சாயலில் ஒரு மண்டபம்! 1889-இல் அந்தப் பள்ளி முதல்நிலைக் கல்லூரியானது. 1940-இல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. கணித மேதை இராமானுஜன், பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரை ஆகியோர் இங்கே படித்தவர்கள்.

இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்ற கட்டுப்பாடு 1947 வரை நீடித்தது. கோயில் கட்டளைகளும் கல்வி நிலையங்களும் பச்சையப்பன் அறக்கட்டளையின் கீழேயே வருகின்றன. அதன் நிர்வாகம் குறித்த வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் புதியவை அல்ல.