பெருநாள் காசு யார் கையில்?

பெருநாள் தொழுகை முடிந்து உறவினர் வீடுகளுக்குப் போய் வந்தால் பிள்ளைகளின் சட்டைப்பை நிறைந்துவிடும். பெரியத்தா கொடுத்தது நூறு, மாமி கொடுத்தது ஐம்பது என்று எண்ணி எண்ணி மகிழ்வார்கள். மக்ரிபுக்குள், "கொடு, நான் பத்திரமா வைக்கிறேன்" என்று நாம் வாங்கிவிடுகிறோம். அது பிறகு எங்கே போனது என்று பிள்ளையும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அதே பிள்ளை ஒருநாள் வேலைக்குப் போய் முதல் மாதச் சம்பளத்தை முழுதாகக் கையில் வாங்குகிறான். இடையில் பணத்தைப் பழகிப் பார்க்க நாம் எந்த வாய்ப்பும் தந்திருக்க மாட்டோம். "பணத்தின் அருமை தெரியவில்லை" என்று மட்டும் குறைப்படுவோம்.

அனாதைகளின் சொத்து பற்றிப் பேசும் இறைவசனம் (அல்குர்ஆன் 4:6) இதற்கு வழி காட்டுகிறது. திருமண வயதை அடையும்வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், தெளிவான அறிவு வந்திருப்பதைக் கண்டால் சொத்தை ஒப்படையுங்கள் என்பது அதன் கருத்து. வயது வந்துவிட்டால் மட்டும் போதாது. ஒப்படைக்கும்போது சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது.

சோதிப்பது எப்படி? இமாம் நவவி (ரஹ்) தமது 'மின்ஹாஜ்' நூலில் இதை விளக்குகிறார்கள். வணிகர் மகனை விற்பது, வாங்குவது, பேரம் பேசுவது ஆகியவற்றில் சோதிக்க வேண்டும். விவசாயி மகனை விவசாயத்திலும் வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். ஒருமுறை போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலோ வேண்டும். அதுவும் பருவமடைவதற்கு முன்பே. பேரத்தைச் சிறுவன் பேசுவான், ஒப்பந்தத்தைப் பொறுப்பாளர் முடிப்பார். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தை நம் வீட்டு மளிகைச் சீட்டில் அப்படியே நடத்திப் பார்க்கலாம்.

பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வாரக் காய்கறிக்கான பணத்தைக் கொடுத்து, கூடவே சந்தைக்குப் போவோம். விலை கேட்பதும் தேர்ந்தெடுப்பதும் அவன் வேலை. பணம் கொடுக்கும் இடத்தில் நாம் நிற்போம். மீதியை எண்ணி வாங்கி, வீட்டுக்கு வந்து கணக்கு எழுதட்டும். மகளுக்கும் இதே பயிற்சிதான்.

ஒழுக்கமும் அங்கேயே வந்துவிடுகிறது. விற்கும்போதும், வாங்கும்போதும், கடனைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் இறையருள் வேண்டிய செய்தி புகாரியில் உள்ளது. பேரங்காடியில் வாய் திறக்காத நாம், தெருவில் கீரை விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டினால் பிள்ளை எதைக் கற்கும்?

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. அண்ணன் தம்பியிடம் இருபது ரூபாய் கடன் வாங்கினாலும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லலாம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "நமக்குள்ள எதுக்கு எழுத்து?" என்று தொடங்கி, பேச்சுவார்த்தையே அற்றுப்போன சகோதரர்களை நம் ஜமாஅத்களில் பார்த்திருக்கிறோமே.

பிள்ளை பணத்தைத் தொலைப்பான், ஏமாறுவான், உடைந்த பொம்மைக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருவான். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. அந்த முந்நூறையும் கணக்கு நோட்டில் அவன் கையாலேயே எழுத வைத்துவிட்டு, அடுத்த வாரமும் காய்கறிப் பணத்தை அவனிடமே கொடுப்போம்.