எல்லைக்கோடு மக்கள் கைக்கு வந்த கதை

2012 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மக்கள் ஒரு சட்டத்தை வாக்களித்து ரத்து செய்தார்கள். நிதி நெருக்கடியில் தவிக்கும் ஊர்களின் நிர்வாகத்தை மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் ஒப்படைக்கும் சட்டம் அது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சட்டமன்றம் ஏறக்குறைய அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இம்முறை மக்கள் வாக்கெடுப்புக்கு இடமில்லாதபடி நிதி ஒதுக்கீட்டையும் அதில் சேர்த்தது. அப்படியோர் அதிகாரியின் கீழ்தான் 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரின் குடிநீர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்க்காததால் பழைய குழாய்களின் ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது.

மக்கள் வேண்டாம் என்றதைச் செய்யும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? ஒரு காரணம், தொகுதி வரைபடம். பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், சட்டமன்ற உறுப்பினர்களே தங்கள் தொகுதிகளை வரைந்துகொண்டார்கள். எதிர்த்தரப்பு வாக்காளர்களைச் சில தொகுதிகளில் அடைத்து, மிச்சத்தைப் பல தொகுதிகளில் சிதறடித்தால் வெற்றி உறுதி. 2016 மாநிலக் கீழவைத் தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் கிட்டத்தட்டச் சமமான வாக்குகளே பெற்றன. இடங்களோ குடியரசுக் கட்சிக்கு 63, ஜனநாயகக் கட்சிக்கு 47.

அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, இதை மாற்ற என்னோடு யார் வருகிறீர்கள் என்று ஃபேஸ்புக்கில் கேட்டார் கேட்டி ஃபேஹி. வயது 27, மறுசுழற்சிக்கான அமைப்பு ஒன்றில் வேலை. முன்பின் அறியாதவர்கள் சேர்ந்தார்கள், ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கூலிக்குக் கையெழுத்து திரட்டும் வழக்கம் உள்ள நாட்டில், தொண்டர்களே 4 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைச் சேர்த்தார்கள். இந்த முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 4-3 என்ற கணக்கில் முன்மொழிவு தப்பியது. 2018 நவம்பரில் 61 சதவீத ஆதரவோடு மாநில அரசியல் சாசனமே திருத்தப்பட்டது.

அப்படிப் பிறந்ததுதான் 13 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம்: இரு கட்சிகளின் சார்பிலும் தலா நால்வர், கட்சி சாராதோர் ஐவர். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு. அண்மையில் பதவி வகித்தவர்களுக்கும் போட்டியிட்டவர்களுக்கும் இடமில்லை. கூட்டங்கள் மக்கள் பார்வையில் நடக்க வேண்டும் என்பது விதி.

புதிய வரைபடத்தில் 2022 தேர்தல் நடந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பிறகு இரு அவைகளும் ஆளுநர் பதவியும் ஒருசேர ஜனநாயகக் கட்சியிடம் வந்தன. 2040-க்குள் மின்சாரம் முழுவதும் தூய எரிசக்தியாக வேண்டும் என்ற சட்டம் 2023 நவம்பரில் கையெழுத்தானது. 2024-ல் கீழவை குடியரசுக் கட்சிக்குத் திரும்பியது. வாக்கு நகர்ந்தபோது இடங்களும் நகர்ந்தன.

ஆணையமும் தவறியது. டெட்ராய்ட் பகுதியின் 13 தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2023-ல் அவற்றைச் செல்லாதவையாக்கியது. பெரும்பாலும் வெளிப்படையாக நடந்ததால் பிழையைக் காட்ட முடிந்தது, திருத்தவும் முடிந்தது.

ஆற்றையும் காற்றையும் காக்க வாக்களிப்பவர்கள் வேட்பாளரின் வாக்குறுதியை எடைபோடுவதோடு நிற்கக் கூடாது. அந்த வேட்பாளரின் தொகுதியை வரைந்தது யார் என்றும் கேட்க வேண்டும். தோற்கும் பயம் இல்லாதவரிடம் நம் கோரிக்கைக்கு வலுவில்லை.