ஒத்தி

ஒத்தி (பெயர்ச்சொல்): மொத்தப் பணம் பெற்றுக்கொண்டு வீட்டையோ நிலத்தையோ அனுபவிக்கக் கொடுக்கும் அடமானம். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. பணத்தைத் திருப்பினால் சொத்து திரும்பும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் வழங்கும் சொல். சென்னைப் பக்கத்தில் ‘போக்கியம்’ என்பர், அது வடசொல்.

மூலவடிவம் ‘ஒற்றி’. காற்று ‘காத்து’ ஆனதுபோல ஒற்றி பேச்சில் ஒத்தியாயிற்று. மலையாளத்திலும் ‘ஒற்றி’ உண்டு. சுந்தரர் திருவாரூர்த் தேவாரத்தில் இதை விற்பனைக்கு எதிர்நிலையாக ஆள்கிறார்: விற்றது போய்விடும், ஒற்றி மீளும். சொல்லின் உயிர் இந்த மீட்புரிமையில்தான் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபவ அடமானமாக ஏற்கிறது. அசல் 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம்; ஆனாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடுவோர் பலர். அது ஆபத்தான சிக்கனம்.

லாப நட்டம் பார்க்க, ஒத்திப் பணத்துக்கு வங்கி தரக்கூடிய வட்டியை அதே வீட்டின் வாடகையோடு ஒப்பிட வேண்டும். 6 விழுக்காட்டில் 5 லட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய். வாடகை அதைவிடக் கூடினால் குடியிருப்பவருக்கு ஆதாயம். வீட்டுக்காரருக்கோ இது வங்கிப் படியேறாமல் கிடைக்கும் கடன். ‘ஒத்திக்கு விடுதல்’, ‘ஒத்தியைத் திருப்புதல்’ என்பன வழக்குத் தொடர்கள்.